முற்பணம் கொடுக்குமுன் தரையைப் பாருங்கள்

மட்டக்களப்பில் வீடு வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆவணி, புரட்டாதியில் மட்டும் பார்த்துவிட்டு விலை பேசாதீர்கள். அந்த மாதங்களில் எல்லா வீடும் நல்ல வீடுதான். சுவர் காய்ந்திருக்கும், கதவு லேசாகத் திறக்கும், புதுப் பெயின்ட் மணக்கும். கார்த்திகை, மார்கழியில், கிணற்றுத் தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு ஏறி நிற்கும்போது அதே வீட்டுக்குள் ஒருதரம் நடந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்களுக்கு இது சரிவராது, பெரும்பாலும் ஓகஸ்டில்தான் வருகிறார்கள். அவர்கள் வெயில் காலத்திலும் செய்யக்கூடிய சோதனைகள் கீழே இருக்கின்றன.

நான் உள்ளூராட்சி சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ரி.ஓ. என்றால் எங்கள் பக்கம் ரோட்டுக்குக் கிறவல் போடுவதிலிருந்து மதில் தகராறு வரை எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். இப்போது சொந்தக்காரர் வீடு பார்க்கும்போது கூப்பிடுகிறார்கள். காணி உறுதியைச் சட்டத்தரணி பார்ப்பார். கூரையை எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். தரைக்குத்தான் ஆளில்லை. டைல்ஸ் பளபளப்பாக இருந்தால் காணும் என்று விட்டுவிடுகிறார்கள்.

தரையில் என்ன குறை தெரிந்தாலும், அதற்குப் பின்னால் நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான். தரை மட்டும் இறங்கியிருக்கிறதா, வீடே இறங்கியிருக்கிறதா?

எங்கள் ஊரில் கீழ்த்தளம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் கேள்வி விளங்கும். கருங்கல்லால் அத்திவாரம் கட்டி, அதன்மேல் சுவர் எழுப்புகிறார்கள். சுவர்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தை மணலாலோ கிறவலாலோ நிரப்பி, மேலே 3 இஞ்சி கொங்கிரீட் போட்டு, அதன்மேல் சீமெந்துப் பூச்சு அல்லது டைல்ஸ். அதாவது தரை நிரப்பின மண்ணின்மேல் கிடக்கிறது, சுவர் அத்திவாரத்தின்மேல் நிற்கிறது. இரண்டுக்கும் பாரம் போகிற வழி வேறு. நிரப்பின மண்ணை ஆறு ஆறு இஞ்சிப் படையாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்திருக்க வேண்டும். ட்ரக்டரில் கொண்டுவந்து ஒரே கொட்டாகக் கொட்டி நிரவிவிட்டால், இரண்டு மூன்று மாரியில் அது தானாக அமரும். தரையும் கூடவே இறங்கும். சுவருக்கு ஒன்றும் ஆகாது. இது செலவுதான், ஆனால் பயமில்லை. அந்த அறையை உடைத்து, மண்ணைச் சரியாக இடித்து, திரும்பப் போடலாம். அத்திவாரமே இறங்கியிருந்தால் கதை வேறு.

முதலில் வளவைப் பாருங்கள்

வீட்டுக்குள் போகுமுன் ஒழுங்கையில் நின்று பக்கத்து வளவுகளைப் பாருங்கள். இந்த வளவு மட்டும் ஏன் உயர்ந்திருக்கிறது? மண் போட்டு உயர்த்தியிருந்தால், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது? எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல், சும்மா சொல்லக்கூடாது, வீடு கட்ட நல்ல நிலம். மணல் ஓடிப்போக வழியில்லாமல் இருந்தால் பாரத்தை நன்றாகத் தாங்கும். சிக்கல் வாவிக் கரையோரச் சதுப்பில். அடியில் கறுத்த சேறு, மேலே இரண்டு மூன்று அடி நிரப்பு மண், சில இடங்களில் அதற்குள்ளே குப்பையும் உடைத்த கட்டட இடிபாடும். சேறு வருடக்கணக்காக அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மூலை சேற்றின்மேலும் மறு மூலை மணலின்மேலும் நின்றால் வீடு கோணும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் அம்பாறை உட்பகுதியிலும் வயலை நிரப்பிக் கட்டின வீடுகளுக்குக் கீழே களிமண். அது மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும்.

இதை விற்கிறவரிடம் கேட்டால் சரியான பதில் வராது. எதிர்வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள். "இந்த வளவு முந்தி எப்படி இருந்தது ஆச்சி?" என்று கேட்டால் போதும். "இது மடுவாக் கிடந்த இடம் மகன், நாங்க இறால் புடிச்ச இடம். மறுகாத்தான் மண்ணப் போட்டு மூடினவங்க" என்று ஒரு தரம் ஏறாவூர்ப் பக்கத்தில் எனக்குச் சொன்னார்கள். எந்த மண் பரிசோதனை அறிக்கையும் அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டதில்லை. 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் எங்கே நின்றது, எத்தனை நாள் நின்றது என்றும் கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு அவசரமாக எழுந்த வீட்டுத்திட்டங்களில் நல்லதும் உண்டு, பள்ள நிலத்தை நிரப்பி ஒப்பேற்றினதும் உண்டு. ஆகவே திட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம், வீட்டைப் பார்த்து எடுங்கள்.

வீட்டைச் சுற்றி நடக்கும்போது மலக்குழியும் கிணறும் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். குழி உடைந்திருந்தால் பக்கத்து மணல் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கும், அந்தப் பக்க அத்திவாரத்தின் அடி வெறுமையாகும். கூரைத் தண்ணீர் பீலி இல்லாமல் நேரே சுவரடியில் விழுந்து மண்ணை அரித்த இடங்களிலும் இதே கதைதான். தென்னையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆல், அரசு சுவரோடு ஒட்டி முளைத்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பத்து மீற்றர் குழாயும் ஒரு ரேப்பும்

நான் கொண்டுபோவது பெரிய சாமான் ஒன்றும் இல்லை. கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் பத்து மீற்றர், அளவு ரேப், டோர்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பென்சில், சுவரில் ஒட்டிக் கழற்றக்கூடிய காகித ரேப், பழைய ஏ.டி.எம். அட்டை. கோலிக்குண்டை உருட்டிப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. அது சரிவு இருக்கிறதென்று காட்டும், ஏன் என்று காட்டாது. மழைத்தண்ணீர் ஓட விறாந்தையிலும் குளியலறையிலும் வேண்டுமென்றே சரிவு வைத்திருப்பார்கள், அங்கேயும் குண்டு ஓடும்.

குழாய்க்குள் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, இருந்தால் அளவு பிழைக்கும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மேசன்மார் தலைமுறையாகச் செய்கிற வேலைதான். ஒரு முனையை வாசல் பக்கச் சுவரில் இடுப்புயரத்தில் பிடித்து, அங்கே காகித ரேப் ஒட்டித் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். மற்ற முனையை மூலை மூலையாகக் கொண்டுபோய், முதல் முனையில் தண்ணீர் அந்தக் குறியிலேயே நிற்கும்போது ஒவ்வொரு மூலையிலும் குறியுங்கள். சுவரில் நேராகப் பென்சில் கீற வேண்டாம். வீட்டுக்கார அக்கா இன்னும் வீட்டை விற்கவில்லை, அவவின் முகம் கறுத்தால் மற்ற அறையைக் காட்டமாட்டா.

இனி ஒவ்வொரு குறியிலிருந்தும் இரண்டு அளவு எடுங்கள். கீழே தரைக்கு ஒன்று. மேலே, வீடு கட்டும்போது மட்டம் பார்த்துப் போட்ட ஏதாவது ஒன்றுக்கு மற்றது. யன்னலுக்கு மேலே ஓடுகிற லிண்டல் நல்லது. மாடி வீடென்றால் பீமின் அடிப்பக்கம்.

உதாரணத்துக்கு, வாசல் மூலையில் தரைக்கு 36 இஞ்சி, லிண்டலுக்கு 48 இஞ்சி. பின்மூலையில் தரைக்கு 37¼ இஞ்சி. லிண்டலுக்கு அங்கேயும் 48 இருந்தால், சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது, தரை மட்டும் ஒன்றேகால் இஞ்சி இறங்கியிருக்கிறது. நிரப்பு மண்ணின் வேலை. பின்மூலையில் லிண்டலுக்கு 46¾ வந்தால், தரையும் சுவரும் கூரையும் சேர்ந்து அந்தப் பக்கம் போயிருக்கின்றன. கீழே கூடின அளவு மேலே அப்படியே குறைகிறது. அங்கே அத்திவாரம் இறங்கியிருக்கிறது. கால் இஞ்சி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள், கட்டும்போதே வருகிற கைப்பிசகு அது. முக்கால் இஞ்சிக்கு மேல் போனால் கவனம்.

இரண்டும் கலந்தும் வரும். கீழே ஒன்றரை கூடி மேலே அரை மட்டும் குறைந்தால், அரை இஞ்சி அத்திவாரத்தின் கணக்கு, ஒரு இஞ்சி மண்ணின் கணக்கு.

இறங்கின தரையின்மேல் சாந்தைத் தடிப்பாகப் போட்டு மட்டமாக்கி, புது டைல்ஸ் பதித்து விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அப்போது தரை அளவு நான்கு மூலையிலும் சரியாக வரும். ஆனால் அடி வெட்டின கதவு பொய் சொல்லாது. ஒரு அறைக் கதவு மட்டும் அடியில் புதிதாகச் சீவப்பட்டிருக்கிறதா, அறைக்கும் ஹோலுக்கும் நடுவே படி மாதிரி உயர்வு வந்திருக்கிறதா, எல்லா அறையும் பழைய சீமெந்துத் தரையாக இருக்க ஒன்றுக்கு மட்டும் டைல்ஸ் ஏன் என்று பாருங்கள். பாயும் அலுமாரியும் தரையை மறைக்கிற இடங்களிலும் பாருங்கள். "அக்கா, இந்தக் கட்டிலைக் கொஞ்சம் தள்ளலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

இன்னொரு அடையாளம், சுவரடியில் ஒட்டுகிற டைல்ஸ் பட்டி. அது சுவரோடு ஒட்டியது. தரை இறங்கினால் பட்டி சுவரிலேயே நிற்கும், அதன் அடியில் இடைவெளி விழும். ஏ.டி.எம். அட்டையை அதற்குள் செருகிக்கொண்டு சுவர் வழியே இழுத்துப் போங்கள். எங்கே சுலபமாக நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தரை எந்தப் பக்கம் போகிறதென்று குழாய் இல்லாமலே தெரியும். அந்த இடைவெளியில் வெள்ளைச் சீமெந்து புதிதாகப் பூசியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தட்டிக் கேட்பது

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் டைல்ஸைத் தட்டுங்கள். ஒரு டைல், அதுவும் அதன் மூலை மட்டும் டொக்கென்று கேட்டால், பதித்தவர் நடுவில் மட்டும் சாந்து வைத்து ஒட்டியிருக்கிறார். அழகில்லை, ஆபத்தும் இல்லை. அறையின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு எல்லா டைல்ஸும் பானையைத் தட்டின மாதிரி ஆழமாகக் கேட்டால், கொங்கிரீட்டுக்கு அடியில் மண் விலகி வெற்றிடம் விழுந்திருக்கிறது. இன்னும் இறங்காத தரை, இறங்கப்போகிற தரை. சுவரோரத்துச் சத்தத்தையும் நடுச் சத்தத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே தட்டுங்கள், காது பழகிவிடும்.

வெடிப்புகள்

சுவர் வெடிப்பைப் பார்க்காமல் தரையைப் பற்றி முடிவெடுக்க முடியாது. பூச்சில் நாலா பக்கமும் ஓடுகிற மயிர்க்கோடுகள் சாந்து காய்ந்த கோடுகள், அவற்றை விடுங்கள். மேலே போட்ட கொங்கிரீட் சிலாப்பும் சுவரும் சேர்கிற இடத்தில் நேராக ஓடுகிற கிடைக்கோடு பெரும்பாலும் வெயிலில் சிலாப் நீண்டு சுருங்குவதால் வருவது. பழைய வீட்டோடு பிறகு ஒட்டிக் கட்டின குசினி பிரிகிற இடத்தில் நெடுக்குக் கோடு விழுவதும் சாதாரணம். அங்கே இரண்டு பக்கத்துத் தரை மட்டமும் வேறுபட்டால்தான் குழாயை எடுக்க வேண்டும்.

யன்னல் மூலையிலிருந்து சரிவாக, புளொக் கல்லின் பொருத்துகள் வழியே படிப்படியாக இறங்குகிற வெடிப்புத்தான் அத்திவாரத்தின் பேச்சு. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் சுவரின் கரைப்பக்கம் இறங்குகிறது. கீழே அகலமென்றால் நடுப்பகுதி இறங்குகிறது. ஏ.டி.எம். அட்டையின் தடிப்பு முக்கால் மில்லிமீற்றர். அட்டை நுழையாத வெடிப்புக்கு நித்திரை கெட வேண்டாம். 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் பொறியியலாளர் இல்லாமல் அந்த வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

பழையதா, இப்போதும் நடக்கிறதா என்பதை டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பெயின்டும் தூசியும் சிலந்தி வலையும் இருந்தால் நின்றுபோன வெடிப்பு. விளிம்பு கூராக, உள்ளே சாந்து வெள்ளையாகத் தெரிந்தால் புதிது. பூசி மூடின இடத்திலேயே திரும்பவும் கோடு விழுந்திருந்தால் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஊரில் இருக்கிறவர்கள் வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் திகதி போட்டு ஒரு மாரி பார்த்துவிட்டு வாங்கலாம். விற்கிறவருக்கு அவசரமில்லை என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

உப்பும் ஓதமும்

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது என்று கடற்கரை வரிசையில் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். சுவரில் தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை பெயின்ட் பொருக்கு விட்டு, வெள்ளைத் தூள் பூத்திருந்தால், அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் போட வேண்டிய தார்ப்படையோ பொலித்தீனோ போடவில்லை, அல்லது முற்றத்து மண்ணை அதற்கு மேலே உயர்த்திவிட்டார்கள். சீமெந்துத் தரையென்றால் இரண்டு அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அதன் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது.

உப்பு கம்பியைத் தொட்டால்தான் பெரிய சேதம். கம்பி துருப்பிடித்தால் இரும்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கொங்கிரீட்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். கம்பி ஓடுகிற வழியிலேயே நேர்கோடாக வெடிப்பு, அதோடு மண்ணிறக் கசிவு, சிலாப் அடியில் பொருக்காகக் கழன்று தெரியும் கம்பி, இவை மூன்றும் ஒரே நோயின் படிகள். உடைந்த இடத்தில் சிப்பித் துண்டுகள் நிறையக் கண்டால், கடல் மணலைக் கழுவாமல் போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். ஒரு இடத்தில் மட்டுமென்றால் திருத்தலாம். எல்லா அறையிலும் என்றால் மணலிலேயே உப்பு இருந்திருக்கிறது, அதைத் திருத்தி முடியாது.

மேல்வீடு

எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அது கொங்கிரீட்டிலும் எழுதப்பட்டிருக்கும். கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்வீடு இளையவளுக்கு. மூத்தவளுக்குக் கட்டும்போது கையில் காசில்லை, மேலே ஒரு வீடு வருமென்று நினைத்துத் தூணும் அத்திவாரமும் போட்டிருப்பார்களா? பத்து வருடத்துக்குப் பிறகு கூரையைக் கழற்றிச் சிலாப் போட்டு மேலே சுவர் எழுப்புவார்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி வளவு ஒடுங்கின இடங்களில் மேலே போவதைத் தவிர வழியுமில்லை. ஆகவே மாடி வீடென்றால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்கள். அதில் இரண்டு மாடியும் முதலிலேயே இருக்கிறதா, பிறகு சேர்த்ததா, சேர்த்ததற்கு அனுமதி எடுத்தார்களா? கீழே தூண் எங்கே நிற்கிறதோ அதற்கு நேர் மேலேதான் மேல்த்தூண் இருக்கிறதா? மேல்மாடிச் சுவருக்கு அடியில் பீம் இல்லாமல் சிலாப்பே அதைத் தாங்குகிறதா?

சிலாப் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க, கீழிருந்து சுவருக்குச் சுவர் நூலை இழுத்துக் கட்டி, நடு இடத்தில் இடைவெளியை அளந்து பாருங்கள். நீளத்தில் 250இல் ஒரு பங்கு வரை தொய்வதைக் கணக்கிலேயே அனுமதிப்பார்கள், 12 அடி அறைக்கு அது ஏறக்குறைய அரை இஞ்சி. அதற்கு மேல் என்றால் கம்பி குறைவு, அல்லது கொங்கிரீட் இறுகுமுன்னே அடிப்பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

நான் அதிகம் பயப்படுவது வெளியே நீட்டின பல்கனிக்கு. அதற்கு உயிர் மேல்ப்பக்கக் கம்பிதான். கொங்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன்மேல் மிதித்து நடந்து கீழே அமுக்கிவிடுவார்கள், யாரும் திரும்பத் தூக்கி வைக்கமாட்டார்கள். பல்கனித் தரையில், சுவரோரமாக, சுவருக்கு இணையாக ஒரு கோடு ஓடினால் அதில் நின்று படம் எடுக்காதீர்கள். பொறியியலாளர் பார்க்கும்வரை பிள்ளைகளையும் விடவேண்டாம்.

மேலே குளியலறை இருந்தால் அதன் அடிச் சிலாப்பை டோர்ச் அடித்துப் பாருங்கள். மண்ணிற வட்டமும் வெள்ளைச் சுண்ணாம்பு வடிதலும் இருந்தால் வருடக்கணக்காக ஒழுகுகிறது. அங்கே சீலிங் அடித்து மறைத்திருந்தால் ஒரு தட்டைத் தூக்கச் சொல்லுங்கள்.

புளியந்தீவில் பழைய மாடி வீடு ஏதும் கிடைத்து, மேல்த்தளம் பலகையாக இருந்தால், விட்டத்தின் இரண்டு நுனியும் சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஈரமும் கறையானும் அங்கேதான் தொடங்கும். நடுப்பலகை எவ்வளவு நன்றாயிருந்தாலும் அந்த நுனி சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் விலை

தரை மட்டும் இறங்கின வீடு என்றால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் விலை பேச இடம் கிடைக்கிறது. தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய், அந்த அறையை உடைத்து, மண்ணை எடுத்து, படைப்படையாக இடித்து, பொலித்தீன் விரித்து, 3 இஞ்சி கொங்கிரீட்டும் டைல்ஸும் போட என்ன வருமென்று எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துப் பேசுங்கள். வாய்க்கணக்கை விற்கிறவர் ஏற்கமாட்டார்.

அத்திவாரம் இறங்கின வீட்டுக்கு மேசன் கணக்குப் போதாது. அடியில் மூன்று நான்கு அடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கொங்கிரீட் கொடுத்துக்கொண்டு போகிற வேலை அது. முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் தோண்டினால் சுவர் விழும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கொள்ளுவம்" என்கிற பாஸை நம்பித் தொடங்காதீர்கள். பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கைக்குச் செலவழிப்பது, வீட்டு விலையோடு பார்த்தால் சின்னக் காசு. அவருக்கு நீங்கள் எடுத்த மூலை அளவுகளைத் தேதி போட்டுக் கொடுங்கள், வேலை பாதி முடிந்திருக்கும்.

முற்பண ஒப்பந்தம் எழுதும்போது, பொறியியலாளர் அறிக்கையில் அத்திவாரக் குறை வந்தால் முற்பணத்தைத் திருப்பித் தருவது என்று ஒரு வரி சேர்க்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். தரையில் சந்தேகமான இடத்தில் ஒரு டைலைக் கழற்றிப் பார்க்கவும் சம்மதம் கேளுங்கள். புதிதாகப் பதித்த வீட்டில் எங்காவது அலுமாரிக்கு மேலே மீதி டைல்ஸ் ஒரு பெட்டி இருக்கும், உடைந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்துத் திரும்பப் பதித்துக் கொடுக்கலாம். பாஸின் அரைநாள் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள்.